கப்பல் ஏறுமுன்



போர்க்களத்தில் காயமுற்ற வீரனின் படுக்கையருகே கையில் விளக்கோடு நிற்கும் தாதியின் படத்தை நீங்கள் பாடநூல்களில் கண்டிருப்பீர்கள். அவள் முகத்தில் சாந்தம் தவழும்; உடையில் ஒரு சுருக்கமும் இராது. அந்தப் படத்தைக் குறை கூற நான் வரவில்லை. ஆயினும், முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பழகிய எனக்கு, ஒரு படத்தைக் கண்டால் அதில் இல்லாதவற்றைப் பற்றிக் கேட்கும் வழக்கம் உண்டு. அந்தத் தாதி எங்கிருந்து வந்தாள்? புறப்படுவதற்கு அவளுக்கு எத்தனை நாட்கள் கிடைத்தன? பெட்டியில் என்னென்ன எடுத்து வைத்தாள்? எடுத்து வைக்க மறந்தது எது? அவள் மறந்தால் அதன் விலையைக் கொடுப்பவர் யார்?

இந்தக் கடைசிக் கேள்விக்காகவே இன்றைய பேச்சைத் தயாரித்தேன். நாம் வெளியூர் செல்லும்போது குடையை மறந்தால் நாம்தாம் நனைகிறோம். கடல் கடந்து செல்லும் படைத்தாதி ஒன்றை மறந்தால் அவள் நனைவதில்லை. அவள் பொறுப்பில் படுத்திருப்பவன் நனைகிறான்.

எல்லோரும் அறிந்த வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். 1854-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியின் பக்கம் நின்று ருஷ்யாவின் மீது போர் தொடுத்தன. செப்டம்பரில் அவற்றின் படைகள் கருங்கடலின் வடகரையில் உள்ள கிரிமியாவில் இறங்கின. அம்மாதம் 20-ஆம் தேதி ஆல்மா ஆற்றங்கரையில் பெரும் போர் நடந்தது. காயமுற்றோரையும், அவர்களினும் மிகுதியாகக் காலராவாலும் சீதபேதியாலும் வாடினோரையும் கப்பலில் ஏற்றிக் கருங்கடலைக் கடந்து, கான்ஸ்டான்டினோபிள் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரி என்னும் இடத்துக்குக் கொண்டுவந்தனர். அந்நகரம் இப்பொழுது இஸ்தான்புல் என வழங்குகிறது. ஸ்கூட்டாரி அதன் ஒரு பகுதியாகி உஸ்குதார் எனப்படுகிறது. அங்கே துருக்கியப் படையினர் தங்கியிருந்த மாபெரும் கட்டடம் ஒன்று மருத்துவமனை என்று பெயர் பெற்றிருந்தது. பெயர் ஒன்றுதான் அங்கே குறைவின்றி இருந்தது. புண்ணைக் கட்டத் துணியில்லை, கட்டுவதற்கு ஆளில்லை. அக்டோபர் மாதத்தில் லண்டன் டைம்ஸ் பத்திரிகை இச்செய்திகளை வெளியிட்டபோது நாடே கொதித்தது. பிரெஞ்சுப் படைக்குக் கன்னியாஸ்திரீகள் தொண்டு செய்கிறார்களே, நம் வீரர்களுக்கு யார் உளர் என்று மக்கள் கேட்டனர்.

போர்த்துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் அக்டோபர் 15-ஆம் தேதி பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். தாதியர் குழு ஒன்றைத் திரட்டிக்கொண்டு செல்ல இயலுமா என்பது கேள்வி. அம்மையாருக்கு அப்போது வயது 34. ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் மூன்று மாதம் பயின்றவர். லண்டனில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு நிலையத்தை ஓராண்டுக்கு மேல் நடத்தியவர். அக்டோபர் 21-ஆம் தேதி அவர் லண்டனை விட்டுப் புறப்பட்டுவிட்டார். இடையே கிடைத்தவை ஆறு நாட்கள். நம் பள்ளியில் மாமல்லபுரத்துக்கு ஒருநாள் சுற்றுலா செல்வதற்கே ஆறு வாரம் ஆயத்தம் செய்வோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஆறு நாட்களில் ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அக்காலத்து இங்கிலாந்தில் கூலிக்கு நோயாளியைப் பார்க்கும் வேலைக்கு நல்ல பெயர் கிடையாது. வேறு வேலை கிடைக்காதவர்களே அதற்கு வருவார்கள் என்றும், குடிப்பழக்கம் உடையவர்கள் என்றும் உலகம் எண்ணியது. அவ்வெண்ணம் முற்றிலும் பொய்யும் அன்று. நாற்பது பேர் வேண்டும் என்று தேடியதில் 38 பேர் கிடைத்தனர். அவருள் 24 பேர் கத்தோலிக்க, ஆங்கிலிக்கச் சமயத் தொண்டு நிலையங்களிலிருந்து வந்தவர்கள். எஞ்சிய 14 பேரே மருத்துவமனைகளில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள். நைட்டிங்கேலின் கட்டளைக்கு முழுமையாகக் கட்டுப்படுவதாக ஒவ்வொருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். வண்ண நாடாவும் பூவும் அணியலாகாது என்ற விதியும் இருந்தது. சாம்பல் நிறக் கம்பளித் துணியில் அவசர அவசரமாக உடைகள் தைக்கப்பட்டன. அளவெடுத்துத் தைக்க நேரம் ஏது? நெட்டையான பெண்ணுக்குக் குட்டை உடையும், குட்டையான பெண்ணுக்கு நெட்டை உடையும் வந்து சேர்ந்தன. ஒரு தாதி, எல்லாவற்றுக்கும் உட்பட்டு வந்தேன், ஆனால் இந்தத் தொப்பியைப் பற்றி முன்பே தெரிந்திருந்தால் வந்தே இருக்கமாட்டேன் என்னும் பொருள்படப் பின்னாளில் முறையிட்டாளாம். சிரிக்க வேண்டாம். பதினாறு மணி நேரம் உழைக்கும் ஒருத்திக்குத் தலையில் பொருந்தாத தொப்பியும் ஒரு துன்பமே.

படையின் மருத்துவத்துறைத் தலைவர், ஸ்கூட்டாரியில் எல்லாப் பொருளும் வேண்டிய அளவு இருக்கின்றன, ஒன்றும் கொண்டுபோகத் தேவையில்லை என்று உறுதி கூறியிருந்தார். அந்த உறுதியை அம்மையார் பணிவோடு கேட்டுக்கொண்டார். ஆனால் பிரான்சு நாட்டின் தென்கோடியில் உள்ள மார்சேல்ஸ் துறைமுகத்தை அடைந்ததும் கடைவீதிக்குச் சென்றார். அரோரூட் மாவு, திராட்சை மது, இறைச்சிச் சாறு, எளிதில் தூக்கிச் செல்லத்தக்க சிறு அடுப்புகள் ஆகியவற்றை நிறைய வாங்கிக் கப்பலில் ஏற்றினார். என் கணிப்பில் அம்மையாரின் வாழ்க்கையில் விளக்கேந்தி நடந்த இரவுகளைவிட மார்சேல்ஸ் கடைவீதியில் கழிந்த அந்தப் பகல் பெருமை உடையது. பெரியவர்கள் குறையில்லை என்று சொல்லும்போது அவர்களோடு வாதாடுவது வேறு. வாதாடாமல் அடுப்பை வாங்கி வைத்துக்கொள்வது வேறு. கட்டிலில் கிடந்து கெட்டியான உணவை விழுங்கவும் முடியாதவர்களுக்குப் பின்னாளில் கஞ்சி காய்ச்சியவை அந்த அடுப்புகளே.

நவம்பர் 4-ஆம் தேதி கப்பல் கான்ஸ்டான்டினோபிளை அடைந்தது. மறுநாள் கிரிமியாவில் இன்கர்மன் போர் நடந்தது. இனித்தான் நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டிய பகுதி வருகிறது. அங்கிருந்த படை மருத்துவர்களில் பலர் இந்தப் பெண்களை வரவேற்கவில்லை. நோயாளிகள் பக்கத்து அறையில் முனகிக்கொண்டிருக்க, தாதியரை எவரும் அழைக்கவில்லை. வந்தவர்களோ தொண்டு செய்யத் துடித்துக்கொண்டிருந்தவர்கள். நைட்டிங்கேல் அவர்களை ஓடவிடவில்லை. மருத்துவர் அழைத்தாலன்றி எவரும் நோயாளியை அணுகலாகாது என்று கட்டளையிட்டார். சட்டை தைக்கவும், தலையணை தைக்கவும், ஒடிந்த கையைத் தாங்கும் துணிக்கட்டுத் தைக்கவும் அவர்களை உட்காரவைத்தார். இது கல்நெஞ்சம் என்று சிலர் அன்றே கூறினர். தாதியர் சிலரே அவர்மேல் மனம் கசந்தனர். ஆனால் மருத்துவரின் நம்பிக்கையை இழந்த தாதி, படை மருத்துவமனையில் ஒரு வாரம்கூட நிலைக்க முடியாது என்பதை அம்மையார் அறிந்திருந்தார். சில நாட்களில் இன்கர்மனில் காயமுற்றவர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். தாழ்வாரங்களிலும் படுக்க இடமில்லை. அப்பொழுது மருத்துவர்களே வந்து அழைத்தார்கள். தைத்து வைத்த தலையணைகளும் கட்டுத்துணிகளும் அன்றைக்கு ஆயத்தமாக இருந்தன.

நன்று, தாதியர் வந்தனர், நோயாளிகள் பிழைத்தனர் என்று கதையை முடித்துவிடலாம். அப்படித்தான் பல சிறுவர் நூல்கள் முடிக்கின்றன. உண்மை அவ்வளவு இனிப்பானது அன்று. தரையைத் தேய்த்தார்கள், துணி வெளுத்தார்கள், உணவு ஊட்டினார்கள். ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் ஸ்கூட்டாரியில் சாவு குறையவில்லை, ஏறியது. 1855 பிப்ரவரியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர் என்பது புகழ்பெற்ற கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் குண்டடிபட்டவர்கள் அல்லர். காய்ச்சலாலும் பேதியாலும் இறந்தவர்கள். காரணம் காலடியில் இருந்தது. கட்டடத்தின் அடியில் சாக்கடைகள் அடைத்துக்கொண்டு நாறின. குடிநீர் வந்த கால்வாயில் செத்த குதிரை ஒன்று கிடந்தது.

மார்ச்சு மாதத்தில் சுகாதார ஆணையம் ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியது. டாக்டர் ஜான் சதர்லண்டும் ராபர்ட் ராலின்சன் என்னும் பொறியியலாரும் அதில் இருந்தனர். அவர்கள் முதல் சில வாரங்களிலேயே 500-க்கும் மேற்பட்ட கைவண்டிக் குப்பையை அகற்றினார்கள், விலங்குகளின் உடல்களைப் புதைத்தார்கள், சாக்கடையைக் கழுவிவிட்டார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அதன் பின்னர்ச் சாவு மளமளவென்று குறைந்து, ஜூன் மாதத்துக்குள் நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு வந்தது.

ஊர் திரும்பிய நைட்டிங்கேல், வில்லியம் பார் என்னும் புள்ளியியல் அறிஞரோடு அமர்ந்து மாதவாரியாக இந்தக் கணக்குகளை ஆராய்ந்தார். மக்கள் அவருக்குப் புகழ்மாலை சூட்டிக்கொண்டிருந்த வேளையில், அவர் தனியறையில் இந்த எண்களை எதிரே வைத்துக்கொண்டு என்ன எண்ணியிருப்பார்! தம் அன்பும் உழைப்பும் நிறைந்திருந்த அந்த மாதங்களிலேதான் சாவு மிகுந்திருந்தது என்று எண்கள் கூறின. அவற்றை அவர் மறைக்கவில்லை. வட்ட வடிவில் வரைபடமாக்கி அச்சிட்டு, அதிகாரிகளின் மேசைமேல் வைத்தார். கணிதம் எனக்கு எதற்கு என்று கேட்கும் மாணவிக்கு நான் அந்த வரைபடத்தைக் காட்டுவது வழக்கம்.

அதே போரில் இன்னொரு பெண்மணியும் இருந்தார். பாடநூல்கள் நெடுங்காலம் அவரை மறந்திருந்தன. ஜமைக்காத் தீவில் பிறந்த மேரி சீகோல் என்பவர். ஜமைக்காவிலும் பனாமாவிலும் காலரா நோயாளிகளைப் பார்த்துத் தேறியவர். லண்டனுக்கு வந்து போர்முனைக்குச் செல்ல விண்ணப்பித்தார், ஏற்கப்படவில்லை. பொருந்தாத தொப்பிக்காக முணுமுணுத்தவர்களுக்கு இடம் கிடைத்தது. காலராவை நேரில் கண்ட கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. அவர் தம் சொந்தச் செலவில் சரக்கு வாங்கிக்கொண்டு கிரிமியாவுக்கே சென்று, 1855-இல் பாலக்ளாவாவுக்கு அருகே ஒரு விடுதி அமைத்து, வீரர்களுக்கு உணவும் மருந்தும் அளித்தார். ஆயத்தம் உள்ளவரை வாயிலிலேயே நிறுத்திவிடுவதும் ஆயத்தக் குறைவுதான். அது அனுப்புகிறவர்களின் குறை.

1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேலின் பயிற்சிப்பள்ளி 15 மாணவியரோடு தொடங்கியது. ஆறு நாட்களில் ஆள் சேர்க்கும் நிலை இனி வரலாகாது என்பது அதன் உட்கருத்து. இந்தியாவில் 1888 மார்ச்சில் பயிற்சி பெற்ற தாதியர் பத்துப் பேர் படை மருத்துவமனைகளைச் சீர்படுத்துவதற்காகப் பம்பாயில் வந்து இறங்கினர். 1926-இல் இந்தியப் படைத் தாதியர் பணி தனியாக அமைந்தது. 1943-ஆம் ஆண்டு அவசரச் சட்டம் அவர்களை அதிகாரிகளாக உயர்த்தியது. அதன்பின் தோளில் நட்சத்திரம் அணிந்த தாதிக்கு, சிப்பாய் வணக்கம் செலுத்துகிறான்.

ஆனாலும் போர் வந்துவிட்டால் எல்லா நாடுகளும் பழைய அவசரத்துக்கே திரும்பிவிடுகின்றன. இரண்டாம் உலகப் போரில் 1942 நவம்பர் 8-ஆம் தேதி அமெரிக்கப் படை வட ஆப்பிரிக்காவில் இறங்கியபோது, அல்ஜீரியாவின் ஆர்ஸ்யூ கடற்கரையில் தாதியரும் அதே நாளில் இறங்கினர். தலையில் இரும்புத் தொப்பி, தோளில் மூட்டை, இடுப்பில் தண்ணீர்க் குடுவை. துப்பாக்கி இல்லாததும் கையில் செஞ்சிலுவைப் பட்டை இருந்ததும்தான் வேற்றுமை. அக்காலத்தில் புதிய தாதியருக்கென்று வரையறுத்த படைப்பயிற்சி அந்நாட்டில் இருக்கவில்லை. நோயாளியைப் பார்க்கத் தெரியும். குண்டு விழும்போது நோயாளியை எப்படிக் காப்பது என்று கற்பித்தவர் இல்லை. 1943 ஜூலையில்தான் நான்கு வாரப் பயிற்சி ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். பாளையத்துச் சுகாதாரம், வான்தாக்குதலிலும் நச்சுவாயுவிலும் தற்காப்பு, இவற்றோடு பண்டங்களைக் கேட்டு எழுதும் முறையும் அதில் ஒரு பாடம். கடைசிப் பாடத்தைக் கேட்டு வியக்காதீர்கள். சரியான படிவத்தில் எழுதத் தெரியாத காரணத்தால், கிடங்கில் உள்ள மருந்து கூடாரத்துக்கு வராமற் போவதுண்டு.

இனி நம் நாட்டுப் படையைப் பற்றிய செய்தி ஒன்று. 1950-இல் கொரியாவில் போர் மூண்டபோது இந்தியா சண்டையிடும் படையை அனுப்பவில்லை; 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் அதன் தலைவர். மருத்துவர்களும் தாதிப் பணி புரியும் சிப்பாய்களும் அடங்கிய பிரிவு அது. நவம்பர் 20-ஆம் தேதி பூசான் துறைமுகத்தில் இறங்கி வடக்கே பியோங்யாங் நகருக்குச் சென்று சேர்ந்தனர். சென்ற சில நாட்களிலேயே சீனப் படை பெருகி வர, எல்லாரும் தெற்கு நோக்கிப் பின்வாங்க வேண்டியதாயிற்று. இவர்களுக்கு வண்டிகள் இல்லை. பொருள்களை விட்டுவிட்டு வாருங்கள் என்பதே அந்த வேளையின் நியதி. இவர்களுக்கு மனம் வரவில்லை. இந்தியாவிலிருந்து மாதக்கணக்குக்குப் போதுமாறு கட்டிக்கொண்டுவந்த மருந்தும் கருவியும் அவை. விட்டால் மறுபடி கிடைக்கும் வழியில்லை. மருந்தில்லாத மருத்துவப் பிரிவு எதற்கு? ரயில் நிலையத்தில் கேட்பாரற்று நின்ற நீராவி எஞ்சின் ஒன்றைக் கண்டார்கள். பிரிவில் இருந்த சிலருக்கு எஞ்சினை இயக்கும் பழக்கம் இருந்தது. தண்ணீரை வாளிகளில் கொண்டுவந்து ஊற்றி, கரியைப் போட்டு, பெட்டிகளை ஏற்றித் தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெட்டிகளைக் கொண்டே அக்கடுங்குளிரில் அவர்கள் பணி நடந்தது. 1954 வரை அவர்கள் கொரியாவில் இருந்தனர்.

இக்காலத்து ஆயத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். என்னிடம் பயின்ற பெண் ஒருத்தி படைத்தாதியர் பணியில் கேப்டன். ஐக்கிய நாடுகளின் அமைதிப் படைக்காக, காங்கோ நாட்டின் கோமா நகரில் நம் படையினர் நடத்திய மருத்துவமனைக்குச் செல்லுமுன் விடைபெற வந்தாள். எத்தனை நாளாக ஆயத்தம் செய்கிறாய் அம்மா என்று கேட்டேன். மாதக்கணக்காக, ஐயா என்றாள். மஞ்சட் காய்ச்சலுக்கான ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அச்சான்று செல்லும். ஆகவே கடைசி வாரத்தில் நினைத்துக்கொள்ள முடியாது. மலேரியாவுக்கு மாத்திரை, இரத்த வகை பொறித்த தகடு, உயில், வீட்டாருக்குச் சம்பளம் சேர ஏற்பாடு என்று அடுக்கிக்கொண்டே போனாள். உயில் என்றபோது அவள் தாயார் எழுந்து அடுக்களைக்குள் சென்றுவிட்டார்கள். நானும் சற்றுப் பேசாதிருந்தேன்.

அந்தப் பட்டியலில் பல் மருத்துவரிடம் காட்டுதல் என்பதும் இருந்தது. போர்ப் பகுதிக்குப் போகிறவளுக்குப் பல் எதற்கு என்றேன். "அங்கே எனக்குப் பல்வலி வந்தால், ஐயா, ஒரு வார்டில் இரண்டு நாளைக்கு ஒரு தாதி குறைவாள்" என்று விடை சொன்னாள். சிறிய குறிப்பேடு ஒன்றையும் காட்டினாள். அவ்வூரார் பேசும் சுவாகிலி மொழியின் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். மாஜி என்றால் தண்ணீர். துன்பப்படுகிறவரைக் கண்டு இரங்கிச் சொல்லும் சொல் போலே. நம் காதுக்கு அது உவம உருபாக ஒலிக்கிறது. அவர்களுக்கோ அது ஆறுதல். நாற்பது சொற்களுக்குமேல் எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை பார்க்கும் பழக்கத்தால் நான் சிவப்புப் பேனாவைத் தேடினேன். அம்மொழி எனக்குத் தெரியாதென்பது பிறகே நினைவுக்கு வந்தது.

இப்பணியில் சேர விரும்பும் பெண்களுக்குச் சில குறிப்புகள். இராணுவத் தாதியர் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. நர்சிங் படிப்பு நான்கு ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் பயின்றிருக்க வேண்டும். நுழைவுத்தேர்வு, நேர்முகம், கடுமையான உடற்பரிசோதனை ஆகியவை உண்டு. அறிவிப்பு வெளிவந்தபின் கால அவகாசம் குறைவாகவே இருக்கும். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். ஒத்திராவிட்டால், திருத்தம் கேட்டு உங்கள் தலைமையாசிரியரிடம் விண்ணப்பம் கொடுங்கள். அவருக்கு அதற்குச் சில வாரங்கள் வேண்டியிருக்கும்.